ஐந்தாவது இதழில் இறந்தவர்

‘இருப்பு’ பத்திரிகையின் ஐந்தாவது இதழ் வெளிவந்த கிழமை, பாரிஸில், தவராசா இறந்துபோனார். இறந்த அன்றைக்கும் அவர் வேலைக்குப் போனார். அது சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அந்த உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் காணாது, செத்துப்போனேன் என்று சொல்லி வேலைக்கு வராமல் நிற்கிற வழக்கமும் அங்கே யாருக்கும் இல்லை.

சாவு பதினோராம் பக்கத்தில் வந்தது. அந்தப் பக்கத்தில், முந்தின மாதம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்து சண்டையில் முடிந்த அரசியல் கூட்டம் ஒன்றைப் பற்றி ஆசிரியர் ராசநாயகம் மாஸ்டர் நீளமாக எழுதியிருந்தார், அதன் கடைசி வரி இப்படி அச்சாகியிருந்தது: “கூட்டத்தின் இறுதிவரை தோழர் தவராசா கொள்கைப் பிடிப்புடன் இறந்தார்.” இருந்தார் என்று வந்திருக்க வேண்டும். ஒரு ‘ரு’ போய் ஒரு ‘ற’ வந்து உட்கார்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அந்தக் கொள்கைப் பிடிப்பும் பிழைதான், பாதிப் பேர் ஒரு கதவாலும் மீதிப் பேர் மறு கதவாலும் கோபித்துக்கொண்டு வெளியேறிய பிறகு தவராசா நின்றது, கதிரைகளை மடித்து அடுக்கி மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற பொறுப்பு அவருடையது என்பதால். ஆனால் அந்தப் பிழையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

லா சப்பல் பகுதியில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பும் அறையில் முதலில் வாசித்தவன் ஒரு பொடியன், அவன் வாசித்துவிட்டுச் சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த தவராசாவை நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணை, நீங்கள் செத்துப்போனியளாம்.”

“ஆர் சொன்னது?”

“அச்சில வந்திருக்கு.”

தவராசா வாங்கி வாசித்தார், திருப்பி ஒருமுறை வாசித்தார், “ஓம், வந்துதான் இருக்கு” என்று சொல்லிப் பத்திரிகையை மடித்துக் கொடுத்தார். மறுத்துச் சொல்ல அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, அந்த அறையில் வேறு யாருக்கும் தோன்றியிராது. ஊரில் சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு வந்த எல்லாச் சாவும் அச்சில்தான் வந்தது, தம்பியின் சாவும் தகப்பனின் சாவும் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்து படித்தவனின் சாவும் கறுப்புக் கரை போட்ட பெட்டிக்குள் கிழமை பிந்தித்தான் வந்து சேர்ந்தன, ஒரு பிரேதத்தையும் யாரும் கண்ணால் காணவில்லை, ஒரு பாடையையும் யாரும் தோளில் சுமக்கவில்லை, வாசித்தார்கள், நம்பினார்கள், குளித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அதனால் முன்னால் ஒருவர் சப்பாத்தோடு நிற்கிறார் என்பதும் அச்சில் ஒன்று வந்திருக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று முட்டியபோது, அச்சுத்தான் வென்றது. பொடியன் எழும்பி அறையின் ஒரே கண்ணாடியைத் துணியால் மூடினான், செத்தவீட்டில் செய்கிறதுதானே.

அன்று பின்னேரம் உணவகத்தின் கொதிதண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டபோது தவராசாவுக்குச் சுடவில்லை. குளிரும் விட்டுப்போனது, பசியும் விட்டுப்போனது, மெட்ரோவில் யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டபோதுதான் மிதித்தது தெரிந்தது. உணவக முதலாளி, கையுறை இல்லாமல் ஆவி பறக்கும் தண்ணீரில் சட்டிகளை உரஞ்சுகிற, பகல் சாப்பாடும் கேட்காத இந்த மனிதரைச் சில நாள் பார்த்துவிட்டு, இன்னும் இப்படி இரண்டு பேர் கிடைப்பார்களா என்று விசாரித்தார். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து நாடி இல்லை என்றார், தூங்கப்போகும்போது போடச்சொல்லி ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். பொலிஸ் தலைமையகத்தில் அகதி அட்டை புதுப்பிக்கும் பெண்மணி, மரணச் சான்றிதழ் வந்து சேராதவரைக்கும் மற்றவர்களைப் போல வரிசையில் நிற்கலாம் என்று அன்பாகவே சொன்னாள்.

அறைக்காரர் செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார்கள். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று அவருக்குப் பிடித்த மீன் குழம்பும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சமைத்து வாழையிலை கிடைக்காமல் கடதாசித் தட்டில் படைத்தார்கள், மீன் வெட்ட ஆள் இல்லாததால் தவராசாவே வெட்டிக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வழக்கப்படி நினைவு மலர், அதாவது எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று சொல்லும் புத்தகம், அச்சடித்தார்கள், தாய்வழிப் பாட்டனின் பெயரில் சந்தேகம் வந்து அவரிடமே கேட்டு எழுதினார்கள், அவரே ஒப்பும் பார்த்தார். அந்தக் கல்வெட்டில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

இயக்கங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு இயக்கம் தோழர் தவராசா தங்களுடைய தியாகி என்று சிவப்பில் சுவரொட்டி அடித்தது, மற்ற இயக்கம் துரோகி தவராசாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது என்று கறுப்பில் அடித்தது. சிவப்புச் சுவரொட்டி ஒட்ட வந்த பொடியன்கள் மேலே எட்டாமல் நின்றபோது அந்த வழியால் வந்த தவராசா பசை வாளியைப் பிடித்துக் கொடுத்தார், “தாங்ஸ் அண்ணை” என்றார்கள். தியாகி என்று வாசித்தபோது பெருமை வரவில்லை, துரோகி என்று வாசித்தபோது பயம் வரவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை. அறைக்குத் திரும்பி, கட்டில்களில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களைப் பார்த்தார். வெளியாள் ஒருவர் கதவைத் திறந்து இதில் செத்தவர் யார் என்று கேட்டால், சொல்வது கஷ்டம்தான் என்று நினைத்தார்.

இப்படியே இருந்துவிட்டிருப்பார். ஆனால் அவருக்கு மொஸ்கோவில் மனைவி இருந்தாள், திலகவதி. ஊரில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்த திலகவதி, அவர் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது வயிற்றில் இருந்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கொழும்பிலிருந்து புறப்பட்டு, மொஸ்கோவில் ஒரு மாடிவீட்டில் வேறு பல குடும்பங்களோடு அடைபட்டு, மேற்கே கூட்டிக்கொண்டு போகும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயதாகப் போகிறது, பெயர் சிந்துஜா. தவராசா அவளைப் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறார், எந்தப் படத்திலும் அவள் கமெராவைப் பார்த்ததில்லை.

ஏஜென்சிக்காரன் பேசுவதென்றால் செல்லத்துரையின் பலசரக்குக் கடைக்குத்தான் தொலைபேசி எடுப்பான், அந்த வட்டாரத்துக்கே அதுதான் தொலைபேசி. அவன் எடுத்தபோது தவராசா கடையில்தான் நின்றார், கையில் வெங்காயப் பை.

“தவராசா எண்ட ஆள்,” என்று கேட்டான் அவன், பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கிற குரலில், “பொறுப்பெடுக்க அங்க ஆள் இருக்கோ?”

செல்லத்துரை நாணயமான மனிதர், கடையில் பழுதான மரக்கறியைப் பழுதென்று சொல்லித்தான் விற்பார். அவர் தவராசாவைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார்.

“ஆள் இருந்தவர்” என்றார்.

அடுத்த கூட்டம் புறப்படும்வரைக்கும் பார்ப்பேன், பொறுப்பெடுக்க ஆள் இல்லாவிட்டால் தாயையும் பிள்ளையையும் கொழும்புக்குத் திருப்பி ஏற்றிவிடுவேன், வழியில் விட்டுவிட்டுப் போக நான் மிருகம் இல்லை என்று சொல்லி அவன் வைத்தான்.

“செல்லத்துரை அண்ணை, நான் இஞ்ச நிக்கிறன்.”

“நிக்கிறியள் தம்பி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தப் பத்திரிகையை வித்தது நான். வித்த சாமானுக்கு மாறா நான் எப்பிடி வாய் திறக்கிறது? ஆறாவது இதழில திருத்தம் வரட்டும், அடுத்த நிமிசம் நானே போன் எடுத்துச் சொல்லுறன்.”

தவராசாவுக்கு உயிர் திரும்ப வேண்டும் என்ற ஆசை அதுவரைக்கும் பெரிதாக இருக்கவில்லை. இப்போதும் நெஞ்சில் ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை. ஆனால் வெங்காயப் பை கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, பிள்ளையைத் தூக்கும்போதும் இப்படிக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேனோ என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளை வந்து சேர வேண்டும், தூக்கினால் பாரம் தெரிய வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

‘இருப்பு’ எப்படிப்பட்ட பத்திரிகை என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு இயக்கத்தையும் சாராமல், எல்லா இயக்கங்களையும் கேள்வி கேட்டு, முன் பாதி அரசியலும் பின் பாதி இலக்கியமுமாக நடத்துவதென்று முடிவெடுத்துத் தொடங்கிய பத்திரிகை அது. ராசநாயகம் மாஸ்டர் ஆசிரியர், குலவீரசிங்கம் துணையாசிரியர், ஜெயகௌரி தட்டச்சு. மாஸ்டரும் குலவீரசிங்கமும் மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றி ஒத்த கருத்து உள்ளவர்கள், மற்ற எல்லாவற்றிலும் சண்டை. ஜெயகௌரி காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துவிட்டு வந்து பின்னேரங்களில் அவர்களுடைய எழுத்தைத் தட்டச்சு செய்தாள், மாஸ்டர் எழுதுகிற ‘ரு’வும் ‘ற’வும் ஒன்றுபோலவே இருக்கும், சுழித்து மேலே ஏற்றப் பொறுமையில்லாமல் வெட்டிவிடுவார், எது எது என்று அவள் வசனத்தை வைத்துத்தான் ஊகித்துக்கொள்வாள். நாலு இதழ்கள் அவளுடைய ஊகத்தில் ஓடின. ஐந்தாவதில், கொள்கைப் பிடிப்புடன் என்று கண்டதும், அதற்குப் பிறகு வருகிற சொல் என்னவாக இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் காலத்தில் கொள்கைப் பிடிப்புக்குப் பிறகு வேறெந்தச் சொல்லும் வந்து அவள் கண்டதில்லை.

தவராசா கேட்டுப் போனபோது ஆசிரியர் குழு கூடியது. திருத்தம் போடுவது ஒரு வரி வேலை, பேச்சு மூன்று கூட்டம் நீண்டது. கையெழுத்தில் பிழையில்லை, பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுழி தெரியும் என்றார் மாஸ்டர். இது எழுத்துப் பிழையா கொள்கைப் பிழையா என்பதை முதலில் முடிவெடுக்க வேண்டும், நாலு பக்கத்தில் சுயவிமர்சனம் எழுத வேண்டும் என்றார் குலவீரசிங்கம். இரண்டு சுவரொட்டி வந்த பிறகு திருத்தம் போட்டால் மிரட்டலுக்குப் பணிந்ததாக நினைப்பார்களே என்று மாஸ்டர் யோசித்தார். ஐந்தாவது இதழ்தான் முதன்முதலாக ஒரு பிரதி மிச்சமில்லாமல் விற்றுப்போன இதழ் என்பதையும் அவர் ஒருமுறை சொன்னார், சொன்னதும் அவருக்கே வெட்கமாகி இருமினார்.

தவராசா கடைசியில் ஒன்று கேட்டார். “மாஸ்டர், திருத்தத்தில ‘இருக்கிறார்’ எண்டு போடேலாதோ?”

“அதெப்பிடி? நான் எழுதினது ‘இருந்தார்’. திருத்தம் எண்டா எழுதினதுக்குத் திருத்தம். இல்லாததைச் சேர்த்தா அது புதுக் கட்டுரை.”

“இருந்தார் எண்டாலும் இப்ப இல்லை எண்டமாதிரித்தானே கிடக்கு.”

“அது இலக்கணம், தவராசா. அதுக்கு நான் என்ன செய்யிறது?”

குலவீரசிங்கம் தன் சுயவிமர்சனத்தின் இரண்டாம் பக்கத்தில் தட்டச்சாளரின் வர்க்கப் பின்னணி பற்றி ஒரு பந்தி எழுதி அதையும் ஜெயகௌரியிடமே தட்டச்சுக்குக் கொடுத்தபோது, அவள் பொறியை மூடி உறையைப் போட்டாள்.

“அந்த மனிசனை ஆர் சாகடிச்சது எண்டு நீங்கள் ரெண்டு பேரும் பிறகு ஆறுதலா முடிவெடுங்கோ,” என்றாள். “ஒரு வரி. மனிசிக்காரியும் பிள்ளையும் ரஷ்யாவில குளிருக்க நிக்குதுகள். ஒரு வரி போடேலாத உங்களுக்கு என்னத்துக்குப் பத்திரிகை?” பிறகு தவராசாவிடம் திரும்பினாள், கண் நிறைந்திருந்தது. “அண்ணை, பிழை என்ர. நான் யோசிக்காமல் அடிச்சிட்டன்.”

“பரவாயில்லை பிள்ளை” என்றார் தவராசா. பரவாயில்லை என்றுதான் அவருக்கு உண்மையிலேயே இருந்தது, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவள் போனபிறகு ஒரு விரலால் குலவீரசிங்கம் தட்டச்சு செய்ய, ஆறாவது இதழ் ஊர்ந்தது. எந்த மட்டில் நிற்கிறதென்று பார்க்கத் தவராசா பிஷ்மனின் அச்சகத்துக்குப் போய்வருவார். அச்சகம் ஒரு நிலவறை. பிஷ்மன் வயதான யூத மனிதர், உடைந்த பிரெஞ்சு பேசுகிறவர்களிடம் தானும் உடைத்துப் பேசுகிற தாராளம் உள்ளவர். நாடி இல்லாத வாடிக்கையாளரைப் பற்றி யாரோ சொன்னபோது அவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை.

“எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார்” என்றார் தவராசாவிடம். அவருடைய தகப்பன் போலந்திலிருந்து வந்தவர், இதே நிலவறையில் யூதர்களின் இத்திஷ் மொழியில் ‘கூரை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை நடத்தியிருக்கிறார், அதிலும் முன் பாதி அரசியல், பின் பாதி இலக்கியம், மூன்று ஆசிரியர்கள், நாலு கட்சிகள். ஐந்தாவது இதழில், பக்கத்து மரண அறிவித்தலுக்கு வைத்த கறுப்புக் கோடு நகர்ந்து ஒரு கவிஞரின் பெயரைச் சுற்றி விழுந்துவிட்டது. “அவர் தொப்பி தைப்பவர். எங்கள் மேசையில்தான் சாப்பிடுவார், அதாவது மேசையில் இருப்பார். சாப்பிடுவதில்லை.”

“திருத்தம் போடேல்லையா?”

பிஷ்மன் ஒரு பழைய தட்டை இழுத்துக் காட்டினார். நூலால் கட்டிய ஈய எழுத்துகள் ஒரே ஒரு வரி, வலமிருந்து இடமாக. “கோர்த்துவிட்டார்கள். ஆறாவது இதழ் வரவில்லை. தலையங்கத்தில் ஒரு சொல்லுக்காகச் சண்டை. அவர் ஒவ்வொரு வியாழனும் வந்து, ஆறாவது எப்போது என்று கேட்பார்.”

“எந்த மட்டும் கேட்டார்?”

“ஜெர்மன்காரர் வரும் மட்டும். பொலிஸ் இந்தத் தெருவுக்கு வந்தபோது, யார் செத்தவர், யார் உயிரோடிருப்பவர் என்று பார்க்கவில்லை. எல்லாரையும் ஏற்றினார்கள்.”

தவராசா அந்த ஈய வரியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தார், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிஷ்மன் தட்டைத் திரும்பவும் உள்ளே தள்ளினார்.

“உங்களுடையதை நான் விரைவாக அடித்துத் தருகிறேன்” என்றார்.

அடித்தும் தந்தார். ஆறாவது இதழின் இரண்டாம் பக்கத்தில், பெட்டி கட்டி, ‘பிழை திருத்தம்: சென்ற இதழ் பக்கம் 11இல் இறந்தார் என்பதை இருந்தார் எனத் திருத்தி வாசிக்கவும்’ என்று வந்தது. அந்த ஒரு வரியை மாஸ்டர் ஒப்புப் பார்த்தார், குலவீரசிங்கம் ஒப்புப் பார்த்தார், தவராசா பார்த்தார், அறைப் பொடியன்கள் ஆளுக்கொரு தரம் வாங்கிப் பார்த்தார்கள், தமிழ் எழுத்துத் தெரியாத பிஷ்மன்கூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், சுழி சுழியாகத்தான் இருந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டுக்கட்டாக இதழைத் தூக்கிக்கொண்டு செல்லத்துரையின் கடைக்குப் போனபோது அங்கே ஜெயகௌரி மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் இதழைக் கையில் எடுத்தாள், முதலாவதாகப் பார்க்க வேண்டியதை அவள்தான் பார்த்தாள்.

“அட்டையை ஆர் எழுதினது?” என்று கேட்டாள்.

பழைய இதழிலிருந்து பத்திரிகையின் பெயரை வெட்டி ஒட்டுவது அவளுடைய வேலை. அவள் இல்லாததால் மாஸ்டர் தூரிகை எடுத்துத் தானே பெரிதாக, அழகாக, கம்பீரமாக எழுதியிருந்தார், நடுவில் நின்ற ‘ரு’வைச் சுழித்து மேலே ஏற்றப் பொறுமையில்லாமல் வெட்டியும் இருந்தார். அட்டையில் இறப்பு என்று இருந்தது.

செல்லத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டித் திரும்பவும் வாசித்தார்.

“இது வேற பத்திரிகை, தம்பி,” என்றார் மெல்ல. “அந்தப் பத்திரிகைப் பிழைக்கு இந்தப் பத்திரிகைத் திருத்தம் செல்லாது.”

அன்றோடு பத்திரிகை முடிந்தது. மாஸ்டர் அட்டையைப் பார்த்தபடி மரக்கறிப் பெட்டியில் உட்கார்ந்து, பிள்ளைகள் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதார். குலவீரசிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார், அவரைக் குற்றம் சொல்ல ஒரு வசனத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டார். ‘இருப்பு’ ஐந்து இதழ்தான் வந்தது என்று சிலர் சொல்வார்கள், ஆறு என்று சிலர் சாதிப்பார்கள், இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. தவராசா கட்டுகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்தார், சிந்திக் கிடந்த நூல்களைப் பொறுக்கினார், எல்லோரும் போனபிறகு கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட உதவி செய்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கொழும்புக்கு விமானம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தொட்டியில் கையை விட்டார், எடுத்தார். இலைகள் கொட்டின, தெருக்கள் நனைந்தன, கறுப்புச் சுவரொட்டிக்கு மேல் சர்க்கஸ் விளம்பரம் ஒட்டினார்கள். ஒரு நாள் செல்லத்துரை உணவகத்தின் பின்பக்கக் கதவுக்கே வந்து நின்றார், கடையை விட்டு அப்படி அவர் வந்ததே இல்லை.

“தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் வாய் திறக்கேல்லை. அவவே போன் எடுத்தவ, ஜேர்மனியிலயிருந்து. ஆள் இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும், நாளைக்கு மத்தியானம் கார் து நோர் ஸ்டேசனுக்கு வரச் சொல்லுங்கோ எண்டிட்டு வைச்சிட்டா.”

மறுநாள் தவராசா முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார். என்ன சொல்வதென்று வழிநெடுக யோசித்தார். திலகவதி கையைத் தொட்டால் தெரிந்துவிடும், இவ்வளவு தூரம் ஒரு செத்த மனிதனிடமா வந்தேன் என்று நினைப்பாள். ரயில் வந்து ஆட்கள் எல்லோரும் இறங்கி நடந்து முடிந்த பிறகு, கடைசிப் பெட்டியிலிருந்து அவளுக்குப் பொருந்தாத பெரிய ஆண் கோட்டுப் போட்ட ஒருத்தி, தோளில் தூங்குகிற பிள்ளையோடும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடும் இறங்கினாள். மெலிந்திருந்தாள். அவரைக் கண்டதும் ஓடி வரவில்லை, நேற்றுச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள் போல நடந்து வந்தாள்.

“இவளைப் பிடியுங்கோ, கை விட்டுப்போச்சு” என்று பிள்ளையை அவர் தோளில் போட்டாள்.

அவர் பிடித்தார். குனிந்து பார்த்தார். பிள்ளை கையில்தான் இருந்தது. பாரம் தெரியவில்லை.

“திலகம்,” என்றார், “உமக்குத் தெரியாது. நான் செத்துப்போனனான். அச்சில வந்தது.”

“தெரியும். மொஸ்கோவில ஒரு பொடியன் கொண்டந்து தந்தவன். எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டு அழுதவை, ஏஜென்சிக்காரனும் அழுதவன்.”

“பிறகு?”

“பிறகென்ன? வாசிச்சன். ‘ரு’ மாறிப்போச்செண்டு விளங்கிச்சு. எத்தினை வருசம் பிள்ளையளின்ர கொப்பி திருத்தினனான், ஒருத்தி ‘அப்பா வீட்டில் இறந்தார்’ எண்டு எழுதினா அவளின்ர தேப்பனைச் சாகடிச்சா போட்டனான்? சரியாத்தான் வாசிச்சன். ஏஜென்சிக்காரனுக்கும் அப்பிடியே வாசிச்சுக் காட்டித்தான் கூட்டத்தோட ஏறினனான்.” பிளாஸ்டிக் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். “அதோட, நீங்கள் எந்தக் காலத்தில கொள்கைப் பிடிப்போட நிண்டனீங்கள்? எல்லாரும் போனாப்பிறகு கதிரை அடுக்க நிண்டிருப்பியள். இல்லையே?”

தவராசா பதில் சொல்ல வாயைத் திறந்தார். கழுத்தில் ஏதோ செய்தது. வலது பக்கம், பிள்ளையின் முகம் புதைந்திருந்த இடத்தில், முதலில் ஒரு புள்ளியாக, பிறகு காதுவரைக்கும், பிறகு தோள் முழுக்கப் பரவியது. அது என்னவென்று அவருக்கு உடனே பெயர் வரவில்லை, அவ்வளவு நாளாயிற்று. பிறகு இரண்டு கைகளும் விரல் நுனியிலிருந்து எரியத் தொடங்கின, அந்த மாதங்களின் கொதிதண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்து கையில் ஊற்றியது போல. பிள்ளை பாரமாக இருந்தது, நல்ல பாரம், விட்டுவிடுவேனோ என்று பயம் வந்தது.

“சுடுது” என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. “திலகம், சுடுது.”

அவள் எட்டிப் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“பெர்லினில இருந்து காய்ச்சல்,” என்றாள். “சும்மா நிக்காமல் நடவுங்கோ, பிள்ளைக்கு மருந்து வாங்க வேணும்.”